எல்ஸி அம்மாவின் ஸ்கான்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் ஆபீஸ் பிள்ளைகள் மூன்று பேர் சேலத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். பை நிறைய மாம்பழம். உட்கார்ந்ததும் ஒரு சேதி சொன்னார்கள். ஆபீஸில் புதிதாக ஒரு மென்பொருள் போட்டிருக்கிறார்களாம். நாம் எப்படிப் பேசினாலும் போனில் கேட்கிற வெளிநாட்டுக்காரர் காதில் அவர் ஊர்க்காரரே பேசுவதுபோல விழுமாம். அவர் பேசுவதும் நம் காதுக்கு மேடுபள்ளம் இல்லாமல் ஒரே மாதிரி வந்து சேருமாம். "இனிமே தக்காளிக்கு எத்தன உச்சரிப்புன்னு மண்டைய ஒடச்சுக்க வேண்டாங்க்கா" என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை, என் வீட்டுக்காரரைக் கேட்டால் விலாவாரியாகச் சொல்வார். மண்டையை உடைத்துக்கொண்டதில்தானே இத்தனை வருஷமும் சிரித்துக்கொண்டே வேலை பார்த்தேன் என்று சொன்னேன். அப்படி என்ன சிரிப்பு என்று கேட்டார்கள். எல்ஸி அம்மாவின் கதையைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிப்போய்விட்டது, மாம்பழத்தை யாரும் தொடவில்லை. போகும்போது, இதை எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதுகிறேன்.

நான் சேலம் டவுனில் மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் பிறந்து வளர்ந்தவள். சிஸ்டர்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, இன்னொரு பள்ளிக்கூடத்தில் சில வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். இங்கிலீஷ் என்றால் ஒன்றுதான், அது சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததுதான் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். ராசிபுரத்தில் உரக்கடைக்கு மேலே, மாடியில் ஒரு ஆபீஸ் திறந்தார்கள். வெளிநாட்டு ஓட்டல்களுக்கும், வயதானவர்களுக்கு வீடு தேடிச் சாப்பாடு அனுப்புகிறவர்களுக்கும் வருகிற போன் ஆர்டர்களை இங்கே உட்கார்ந்து எடுக்கிற வேலை. பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். ஒரு மாதம் பயிற்சி என்றார்கள். பயிற்சியில் கேட்ட இங்கிலீஷ் எல்லாம் சிஸ்டர் இங்கிலீஷ்தான். முதல் நாள் நிஜமான போனை எடுத்தேன் பாருங்கள், என் நம்பிக்கை அன்றைக்கே பொடிப்பொடியாகிவிட்டது.

தக்காளியை அமெரிக்காக்காரர் டொமேய்டோ என்பார், இங்கிலாந்துக்காரர் டொமாட்டோ என்பார். இது ஊரறிந்த விஷயம். இங்கிலாந்து என்ற ஒரே சின்ன நாட்டுக்குள் நடக்கிற கூத்து எனக்குத் தெரியாது. வடக்கே இருக்கிறவர் பட்டரை, அதாவது வெண்ணெயை, 'புட்டர்' என்பார். லண்டன் பக்கத்துக்காரர் நடுவில் இருக்கிற 'ட்'டை விழுங்கிவிட்டு 'பஅ' என்று தொண்டையிலேயே நிறுத்திக்கொள்வார். வெங்காயம் ஒரு ஊரில் 'அனியன்', மூன்று மணி நேரம் ரயிலில் போனால் 'உன்யன்'. சமையலில் போடுகிற தழைகளை அமெரிக்காக்காரர் 'எர்ப்ஸ்' என்று தலையை வெட்டிச் சொல்வார், இங்கிலாந்துக்காரர் 'ஹெர்ப்ஸ்' என்று மூச்சு விட்டுச் சொல்வார். ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்டால் முகம் சுளிப்பார்.

நியூஸிலாந்துக்காரர் ஒருவர் கூப்பிட்டு 'இக்' வேண்டும் என்றார். போனை எடுத்தது நாமக்கல் பெண். ஐயா இன்னொரு முறை, ஐயா இன்னொரு முறை என்று அவள் கேட்கக் கேட்க அவரும் சளைக்காமல் 'இக்' என்றே சொன்னார். கடைசியில் கோழி போடுவது என்று விளக்க வேண்டியதாகிவிட்டது. முட்டைக்கே பேர் போன ஊர்க்காரிக்கு முட்டை தெரியவில்லை என்று அந்தப் பெண்ணை நாங்கள் வைத்து ஓட்டாத நாளில்லை.

ஸ்கோனுக்கு வருகிறேன். மைதா, வெண்ணெய், பால் சேர்த்துப் பிசைந்து ஓவன் அடுப்பில் சுடுகிற ஒரு பலகாரம். இரண்டாகப் பிளந்து ஜாமும் கிரீமும் தடவி டீயோடு சாப்பிடுவார்கள். இதைப் பாதி நாடு 'ஸ்கோன்' என்று நீட்டிச் சொல்லும், பாதி நாடு 'ஸ்கான்' என்று வெட்டிச் சொல்லும். நீட்டுகிறவர் வெட்டுகிறவரைப் பட்டிக்காடு என்பார். வெட்டுகிறவர் நீட்டுகிறவரைப் பீற்றல் என்பார். இதற்காகக் கல்யாண வீட்டிலேயே வாக்குவாதம் நடக்கும் என்று ஒரு அம்மாள் என்னிடம் போனில் சொல்லியிருக்கிறார். இவ்வளவு பேசுகிற எங்களில் ஒருவரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு நாள் ராசிபுரத்தில் பழக்கமான பேக்கரிக்காரரிடம் செய்முறையைச் சொல்லிச் செய்ய வைத்தோம். வந்து சேர்ந்ததைச் சுவரில் அடித்தால் சுவருக்குத்தான் சேதம். டீயில் ஊறப்போட்டு, பல்லுக்குப் பயந்து பயந்து சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிப்பதற்குள் எங்களுக்குள்ளேயே ஸ்கோன் கட்சி, ஸ்கான் கட்சி என்று இரண்டு கட்சி ஆகிவிட்டது.

எங்கள் மேலாளர் சண்முகம் சார். திருச்செங்கோட்டுக்காரர். அதற்கு முன்னால் போர்வெல் ரிக் கம்பெனி ஆபீஸில் பல வருஷம் போன் பார்த்தவர். நாற்காலியில் உட்கார மாட்டார். அவித்த நிலக்கடலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உரித்தபடி எங்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பார். சந்தோஷமாக இருந்தால் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவருக்குச் 'சாமி'. கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், மரியாதையை உயர்த்துவார். 'ங்க' கூடக் கூட நாங்கள் திரையைவிட்டுத் தலையைத் திருப்ப மாட்டோம். "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா" என்று வந்துவிட்டால் அந்த ஆள் தொலைந்தார் என்று அர்த்தம்.

அவர் வைத்த சட்டம் இரண்டு. கஸ்டமர் சாப்பாட்டின் பெயரை எப்படிச் சொன்னாரோ அப்படியே திருப்பிச் சொல்லி ஆர்டரை உறுதி செய்ய வேண்டும். நம் வாய்க்கு வந்தபடி திருத்திச் சொல்லக் கூடாது. இது ரிக் ஆபீஸில் அவர் கற்றுக்கொண்டதாம். ஆந்திராவிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் விவசாயிகள் கூப்பிட்டு, தங்கள் மண்ணுக்கும் பாறைக்கும் தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்வார்களாம். அதே பெயரைத் திருப்பிச் சொன்னால்தான் இவன் நாம் சொன்னதைக் கேட்டான் என்று நம்பிப் போர் போடுகிற வண்டிக்குச் சொல்வார்களாம். இரண்டாவது சட்டம், கஸ்டமரைக் கேலி செய்தால் அன்றைக்கே வேலை போய்விடும். ஒரு பையன் லைனை வைக்காமலே கஸ்டமரைப் போலப் பேசிக்காட்டிச் சுற்றியிருந்தவர்களைச் சிரிக்க வைத்தான். அவனை அந்த நிமிஷமே அனுப்பிவிட்டார்.

எனக்கு ஒரு கட்டத்தில் குவாலிட்டி வேலை வந்தது. பதிவான பேச்சைக் கேட்டுச் சரியா தப்பா என்று சொல்கிற வேலை. அதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு முதலில் கஸ்டமர் குரலை மட்டும் கேட்பேன். மறுபடி போட்டு எங்கள் பிள்ளையின் குரலை மட்டும் கேட்பேன். பிறகு இரண்டு குரலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை மட்டும் கேட்பேன். நாம் சொன்ன பிறகு அந்தப் பக்கம் மூச்சு எப்படி வருகிறது என்று கவனித்தால் பெரும்பாலும் விஷயம் புரிந்துவிடும்.

இந்தச் சமயத்தில்தான் வெண்ணந்தூரிலிருந்து புனிதா வேலைக்கு வந்தாள். தறிக்காரர் வீட்டுப் பெண். இங்கிலீஷ் பரவாயில்லை, காது அபாரம். எந்த ஊர் உச்சரிப்பும் ஒரு முறை கேட்டால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் சத்தம்! அவள் பேசினால் கீழே உரக்கடையில் நிற்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை, இங்கிலாந்துக்குப் போன் வழியாகப் பேசுகிறாயா, வாய் வழியாகவே பேசுகிறாயா என்று கடிந்துகொண்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"எங்கூட்டுல நாலு பக்கமும் தறி ஓடுதுங்க்கா. மெல்லப் பேசுனா சோறுகூடக் கெடைக்காதுங்க" என்றாள்.

அவளை வேலைக்கு அனுப்புவதில் அவள் அப்பாவுக்கு இஷ்டமே இல்லை. ஒரு கெட்ட பெயர் வந்தாலும் அன்றைக்கே தறிக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அதை அவளே சிரித்துக்கொண்டு எங்களிடம் சொன்னாள். சொல்லும்போது கண் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஹெட்செட் அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது புரிந்தது.

எல்ஸி அம்மா எங்களுக்கு வாடிக்கை. இங்கிலாந்தின் நடுவில் ஒரு ஊரில் மகன் வீட்டில் இருக்கிற வயதான அம்மாள். அவர்களுக்குக் காலை, நமக்குப் பிற்பகல். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் மறுநாள் மதியச் சாப்பாட்டை எங்களிடம் சொல்லிவைப்பார். சூப், மீன், கூடவே சாயங்கால டீக்கு ஸ்கான். அவர் வெட்டுகிற கட்சி. அதோடு 'ர'கரம் வந்தால் நாக்கு உருளும். அவர் கால் வந்தால் புனிதா பாய்ந்து எடுப்பாள்.

ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு அனுப்புகிற இங்கிலாந்துக் கம்பெனிக்காரர் சண்முகம் சாரைக் கூப்பிட்டார். எல்ஸி அம்மாவின் மகன் புகார் செய்திருக்கிறார். அன்று விடுமுறையில் வீட்டில் இருந்தவர், ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என் தாய் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையையும் உங்கள் பெண் அதே மாதிரி சத்தம் போட்டுத் திருப்பிச் சொல்கிறாள், என் தாயின் பேச்சை வைத்து விளையாடுகிறாள், இது என்ன மரியாதை என்று கேட்டிருக்கிறார். இன்றைக்கே பதில் வேண்டும் என்றார் கம்பெனிக்காரர்.

சண்முகம் சார் கடலையைப் பைக்குள் போட்டுவிட்டுப் புனிதாவைக் கூப்பிட்டார்.

"வாங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

புனிதா உட்காரவில்லை. அந்தம்மா எப்படிச் சொன்னாரோ அப்படித்தான் சொன்னேன், நீங்கள் சொன்னபடிதானே செய்தேன் என்றாள். அவ்வளவுதான் வந்தது. அவர் என் பக்கம் திரும்பி, பதிவைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

கேட்டேன். எல்ஸி அம்மாவின் கரகரத்த குரலில் 'ஸ்கான்'. அடுத்து புனிதா, 'ஸ்கான்'. அதே வெட்டு, அதே அழுத்தம், சத்தம் மட்டும் மூன்று மடங்கு. என்னைக் கேட்டால் அதில் குறை இல்லை. ஆனால் இடைவெளியைக் கேட்டபோதுதான் எனக்குத் திக்கென்றது. புனிதா சொல்லி முடித்ததும் எல்ஸி அம்மாவின் மூக்கிலிருந்து ஒரு சின்னச் சத்தம், 'ஹ்ம்' என்று. மனசு புண்பட்டால் வருகிற சத்தமாகவும் இருக்கலாம், சிரிப்பை அடக்கினால் வருகிற சத்தமாகவும் இருக்கலாம். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டும் பிடிபடவில்லை. எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

"ஏனுங்க டீச்சர், மரியாதைங்களா, கேலிங்களா? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்றார் சார். பள்ளிக்கூடத்தில் இருந்தவள் என்பதால் அவருக்கு நான் டீச்சர்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது என்றேன். அவர் முகம் இறுகியது. எனக்கும் கோபம் ஏறிவிட்டது. போன வருஷம் நீங்கள் கூப்பிட்டபோது நான் உங்கள் ஊர்ப் பேச்சில் "வாரேனுங்க" என்று சொன்னேனே, அப்போது நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று கேட்டேன். மாடி முழுக்க எங்களையே பார்த்தது. எல்லோருக்கும் அது ஞாபகம் இருந்தது. நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்று, "நக்கலுங்களா?" என்று கேட்டிருந்தார். நான் நிஜமாகவே ஆசையாகத்தான் சொன்னேன், சேலத்தில் எங்கள் தெருவில் அந்த இழுவை கிடையாது, உங்களோடு பேசிப் பேசி எனக்கு அது பிடித்துப்போயிருந்தது, உங்களுக்கே அது புரியவில்லை என்றால் அந்த மகனுக்கு மட்டும் எப்படிப் புரியும் என்று கொட்டித் தீர்த்தேன்.

சார் பையிலிருந்து ஒரு கடலையை எடுத்தார், உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"போர்ல தண்ணி வரலைன்னு சண்ட வந்தா நான் ஆபீஸ்ல உக்காந்து தீர்ப்புச் சொன்னதில்லீங்க. தோட்டத்துக்குத்தான் போவேன். அந்தம்மாளையே கேட்டுப்போடலாம்."

கம்பெனிக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. புண்பட்டவரைக் கூப்பிட்டுப் புண்ணைக் கிளறுவதா என்றார். சார் விடவில்லை. வரிக்கு வரி மரியாதை கூட்டிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். மகனும் லைனில் இருப்பதாக ஏற்பாடு. பேச வேண்டியது நான், எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில். புனிதா எனக்குப் பக்கத்தில் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

என்னென்னவோ மரியாதை வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். எல்ஸி அம்மாவின் குரலைக் கேட்டதும் எல்லாம் மறந்துபோனது. அம்மா, எங்கள் பெண் உங்களைப் போலவே பேசியது உங்களுக்கு வருத்தமா என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் முதலில் எந்தப் பெண் என்று கேட்டார். பிறகு அவரே, சத்தமாகப் பேசுமே அந்தப் பெண்ணா, அவள் பேசினால் நான் காது மெஷின் போட வேண்டியதே இல்லை என்றார். புனிதா பாதி சிரித்தாள்.

அதற்கு மேல் அவர் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"நான் ஸ்காட்லாந்துக்காரி. என் வீட்டுக்காரர் போனப்புறம்தான் மகன்கிட்ட வந்தேன். இவன் சின்ன வயசுலயே இங்க வந்து இந்த ஊர்ப் பேச்சுக்கு மாறிட்டான். இங்க நான் ஸ்கான்னு சொன்னா, ஸ்கோன்னு சொல்லும்மான்னு இவன் திருத்துவான். பேரப்பசங்க சிரிக்கும். இந்த ஊர்ல என் மாதிரி அதைச் சொல்ல ஒருத்தர் இல்லை. அந்தப் பொண்ணு திருப்பிச் சொல்றப்போ, எங்க ஊர் ஜனம் பதில் குடுத்த மாதிரி இருக்கும். அதுக்காகவே சில நாள் வேண்டாட்டியும் ஸ்கான் சொல்லியிருக்கேன்."

அப்படியானால் அந்த 'ஹ்ம்'? கேட்டேவிட்டேன். சிரிப்பு வந்தது, பக்கத்தில் இவன் நியூஸ் பேப்பரோடு உட்கார்ந்திருந்தான், அடக்கிக்கொண்டேன் என்றார்.

பிறகு மகனின் குரல் வந்தது. என்னிடம் பேசவில்லை, தாயிடம்தான் பேசினார்.

"நான் உன்னைக் கேலி பண்ணலைம்மா."

"தெரியும்ப்பா. ஆனா கேக்கறதுக்கு அப்படித்தான் இருந்துச்சு" என்றார் எல்ஸி அம்மா.

புகாரைத் திருப்பி வாங்கிக்கொள்வதாக மகன் மெல்லச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். புனிதா இன்னும் நின்றுகொண்டே இருந்தாள். சண்முகம் சார் கையில் இருந்த கடலையை ஒருவழியாக உரித்து வாயில் போட்டார். "ஏஞ்சாமி இன்னும் நிக்கற? போயி போன எடு" என்றார். அந்தச் 'சாமி'யைக் கேட்டதும் மாடி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. புனிதா அழுதுகொண்டே சிரித்தாள். அழுகையும் அவளுக்குச் சத்தமாகத்தான் வந்தது. உரக்கடைக்காரர் மேலே ஏறி வந்து என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் நான் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில்தான் சேலம் வந்தேன்.

சில நாள் கழித்து எல்ஸி அம்மாவின் எண்ணிலிருந்து கால் வந்தது. வழக்கம்போலப் புனிதா எடுத்தாள். எடுத்தவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் ஓடிப்போய் இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். ஆண் குரல். அவர் மகன்தான். அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, இன்றைக்கு நான் சொல்கிறேன் என்றார். சூப் சொன்னார். மீன் சொன்னார். புனிதா அவர் சொன்ன மாதிரியே திருப்பிச் சொன்னாள். அடுத்து அவர், இரண்டு ஸ்கோ என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். லைனில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு, புதுச் செருப்புப் போட்டு நடப்பவரைப் போலத் தயங்கித் தயங்கி, "ஸ்கான்" என்றார்.

பின்னால் எங்கேயோ கட்டிப்போன தொண்டையோடு ஒரு அம்மாள் சிரிக்கிற சத்தம் கேட்டது. புனிதா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அந்தண்ணனுக்கும் வந்துருச்சுங்க" என்றாள்.